சுரண்டியும் அரிவாளும்: இளந்தோட்டங்களில் களையெடுப்பின் வரலாறு

திருவனந்தபுரம் ஆரியசாலையிலும் அதை ஒட்டிய சாலைக் கடைத்தெருவிலும் உள்ள இரும்புக் கடைகளில் மண்வெட்டியும் அரிவாளும் களைக்கொத்தும் இன்றும் விற்பனைக்குத் தொங்குகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த கடைத்தெரு அது. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவரும் இடம். அங்கே தமிழர் ‘களை’ என்று சொல்வதை மலையாளி ‘கள’ என்கிறார். தமிழில் ‘களை’ பெயர்ச்சொல்லும் ஆகும், ‘நீக்கு’ எனப் பொருள்படும் வினையும் ஆகும். மலையாளத்தில் ‘களயுக’ என்றால் எறிந்துவிடுதல். ஆங்கிலத்தின் ‘வீட்’ என்ற சொல்லும் இப்படியே பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. ஆக, ஒரு செடியைக் களை என்று அழைத்த மாத்திரத்தில் அதற்குரிய தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. திருக்குறள் கொடியோரை ஒறுக்கும் அரசனுக்கு உவமை தேடும்போது பயிரில் களை எடுப்பவனைத்தான் கண்டெடுத்தது.

நெல்வயலில் இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பொருந்தும். நெல் நான்கு மாதப் பயிர். நட்ட சில வாரங்களில் வயலை அதுவே மூடிவிடும். மரத்தோட்டத்தின் கணக்கு வேறு. ரப்பர்க் கன்று நட்டால் பால்வெட்டுக்கு ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகும். முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் கன்றின் நிழல் விழும் பரப்பு மிகச் சிறிது. அதன் வேர் எட்டும் மண்ணும் சிறிது. எஞ்சிய நிலம் முழுவதும் திறந்து கிடக்கிறது. அந்தத் திறந்த நிலத்தை யார் ஆள்வது என்ற கேள்விக்குத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கையால் விடை எழுதியவர்கள், பெருமளவில், தமிழ்த் தொழிலாளர்கள்.

அதற்குச் சான்று தோட்டத் துரைமாரின் ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. மண்வெட்டி அவர்கள் ஏடுகளில் ‘மமோட்டி’ ஆயிற்று. கங்காணி ‘கங்கானி’ ஆனார். இலங்கைத் தேயிலை ஆய்வெழுத்துகளில் ‘சொரண்டி’ என்றொரு சொல் வருகிறது. அது நம்முடைய சுரண்டியேதான்: களையை வேரோடும் மேல்மண்ணோடும் சேர்த்து வழித்தெடுக்கும் தகட்டுக் கருவி. இன்றைய தமிழில் ‘சுரண்டல்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது உழைப்புச் சுரண்டல். மலையகத்தில் அந்தச் சொல் இரு பொருளிலும் ஒரே சரிவில் வழங்கியது. இது தற்செயலான ஒற்றுமைதான். ஆனாலும் மறக்க இயலாத ஒற்றுமை.

கருவியின் பெயர் வேலையின் தன்மையையும் சொல்லிவிடுகிறது. அரிவாள் செடியைத் தரைக்கு மேலே அறுக்கும். வேர் மண்ணில் இருக்கும், அறுபட்ட தழை மண்ணின் மேல் கிடக்கும். களைக்கொத்து ஒரு செடியைத் தேடிப் பெயர்க்கும். சுரண்டியோ தரையின் தோலையே உரிக்கும்.

இலங்கையின் மத்திய மலைகளில் 1830களிலிருந்து காடுகள் வெட்டப்பட்டு, எரிக்கப்பட்டு, காப்பி நடப்பட்டது. திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து நடந்தும் படகேறியும் வந்த கூலிகளே அந்தத் தோட்டங்களை உருவாக்கினார்கள். அங்கே வேரூன்றிய கொள்கைக்கு ‘முழுக்களை நீக்கம்’ என்று பெயரிடலாம்: காப்பிச் செடியைத் தவிர ஒரு புல்லும் தரையில் நிற்கக் கூடாது. அதற்கு ஒரு தர்க்கம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக எரித்த காட்டு நிலத்தில் களை விதை குறைவு. மாதந்தோறும் தவறாமல், விதை விழும் முன்பே வழித்துவந்தால் களை பெருகாது. செலவும் கட்டுக்குள் இருக்கும். ஒரு மாதம் தவறினால் நிலம் கைமீறிப் போகும். அதனால்தான் களையெடுப்பு மாத ஒப்பந்தமாக, ஏக்கர்க் கணக்கில் கொடுக்கப்பட்டது. ஆனால் தர்க்கத்தை விடக் கண்ணுக்கே அதில் வேலை அதிகம். மேற்பார்வைக்கு வரும் விசிட்டிங் ஏஜென்ட் குதிரைமேல் இருந்தபடியே தோட்டத்தின் ஒழுங்கை அளக்க, புல் இல்லாத செம்மண்ணே போதுமானதாக இருந்தது. வெறுந்தரை நல்ல நிர்வாகத்தின் அடையாளம் ஆனது.

1869இல் காப்பி இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் காப்பி வீழ்ந்து, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. காப்பியின் மரணத்திற்குத் துருவே காரணம், ஐயமில்லை. ஆனால் தேயிலை நடப்பட்டபோது அந்த மண் ஏற்கெனவே பல பத்தாண்டுகள் வழிக்கப்பட்ட மண் என்பது வரலாற்று நூல்களில் ஒரு வரியாகக்கூட அரிதாகவே இடம்பெறுகிறது. முழுக்களை நீக்கம் தேயிலைக்கும் கைமாறியது. மண்ணரிப்பை ஆராய அரசு அமைத்த குழுவின் அறிக்கை வெளிவர 1931 ஆயிற்று. அதற்குள் மகாவலியும் களனியும் சுமந்துபோன செம்மண்ணுக்குக் கணக்கில்லை.

மண் போவது கண்ணுக்குத் தெரியும். மண்ணோடு சேர்ந்தும் சேராமலும் போகும் ஊட்டச்சத்து கண்ணுக்குத் தெரியாது. காடு வெட்டப்பட்டதும் நிலம் வெயிலில் சூடேறுகிறது. நுண்ணுயிர்கள் முனைப்போடு மட்கைச் சிதைக்கின்றன. அதுவரை சருகிலும் வேரிலும் கட்டுண்டிருந்த தழைச்சத்து முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. நைட்ரேட் எதிர்மின்னூட்டம் உடையது. மண்துகள்கள் அதைப் பெரும்பாலும் பிடித்துவைப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது அது நீரோடு ஆழத்துக்கும் ஓடைக்கும் போய்விடும். போகும்போது பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் துணைக்கு இழுத்துச் செல்லும். வளர்ந்த காட்டில் இதைத் தடுக்க வேர்வலை உண்டு. இளந்தோட்டத்தில், கன்றுகளுக்கு இடைப்பட்ட வெளியில், வேறு எந்த வேர் இருக்கிறது? களையின் வேர்தான். தான் தின்றதை உடலில் சேர்த்துவைத்து, அறுபட்டு மட்கும்போது அது திருப்பித் தருகிறது. சுரண்டி வழித்து ஓரத்தில் குவித்தாலோ, குவித்ததை எரித்தாலோ, அந்தத் திருப்பித் தரல் அறுந்துபோகிறது. எரித்தால் தழைச்சத்தின் பெரும்பகுதி காற்றில் போகும். சாம்பலில் எஞ்சிய மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் முதல் கனமழை அடித்துக்கொண்டு போகும்.

இதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிய சோதனை வெப்பமண்டலத்தில் நடக்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற காட்டில் 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்கள் அனைத்தும் வெட்டப்பட்டன. மரங்களை அங்கேயே கிடக்க விட்டார்கள். பிறகு மூன்று கோடைகளுக்குக் களைக்கொல்லி தெளித்து ஒரு தளிரும் எழாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் ஆகியோரின் குழு ஓடைநீரை அளந்தது. வெட்டப்படாத நிலையோடு ஒப்பிடுகையில் நைட்ரேட் செறிவு முதலாண்டில் 41 மடங்கும் அடுத்த ஆண்டில் 56 மடங்கும் உயர்ந்தது. ஓடைநீர் குடிநீருக்கான வரம்பைத் தாண்டியது. இலங்கை மலைகளில் சுரண்டியால் செய்ததை அவர்கள் மருந்தால் செய்தார்கள். செய்ததோடு நிற்காமல் அளக்கவும் செய்தார்கள் என்பதே வேறுபாடு. தளிர்விட அனுமதித்த இடங்களில், மரவியலார் மதிக்காத ஒரு காட்டுச் செர்ரி மரம் விரைந்து எழுந்து சத்துகளை வாரிப் பிடித்துக்கொண்டது என்று 1972இல் மார்க்ஸும் போர்மனும் எழுதினார்கள். மரத்தொழிலின் மொழியில் அந்தச் செர்ரி ஒரு களை.

ஆயினும் களைக்கு முழுப் புகழையும் கொடுத்துவிட முடியாது. 1984இல் பீட்டர் விட்டோசெக்கும் பமேலா மேட்சனும் வட கரோலினாவின் ஊசியிலை மரத்தோட்டம் ஒன்றில் நடத்திய கள ஆய்வு, வெட்டுக்குப் பின் நிலத்தில் எஞ்சிய குப்பைகூளத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களே நைட்ரஜனைப் பிடித்துவைப்பதில் முதலிடம் பெறுகின்றன என்று கண்டது. களையை அடக்குவதால் இழப்பு கூடியது. ஆனால் கிடந்த கூளத்தை அகற்றியபோது அதைவிட அதிகமாகக் கூடியது. இந்தத் தோட்டக் கதைக்கு இந்த முடிவே திறவுகோல். களையை எடுத்தார்களா என்பதை விட, எடுத்த களை எங்கே போயிற்று என்பதே பெரிய கேள்வி.

மலாயாவில் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பதாண்டுகளில் ரப்பர் பரவியபோது இலங்கையின் முழுக்களை நீக்கமும் கப்பலேறிச் சென்றது. பல இடங்களில் துரைமாரும் அங்கிருந்து போனவர்கள், கங்காணி முறையும் அதுவே, தொழிலாளரும் தமிழரே. பினாங்கிலும் சிலாங்கூரிலும் மண்வெட்டியால் புரட்டப்பட்ட வெறுந்தரையே மீண்டும் நற்சான்றிதழ் ஆனது. அதை நிறுத்தியது அறிவியல் அன்று, விலைவீழ்ச்சி. 1929க்குப் பின் ரப்பர் விலை சரிந்ததும் தோட்டங்கள் முதலில் வெட்டிய செலவுகளில் ஒன்று களையெடுப்பு. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போன பின் மரங்களுக்கிடையே செடிகள் எழுந்தன, மரங்கள் சாகவில்லை. ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் மண்ணியலார் டபிள்யூ. பி. ஹெய்ன்ஸ் 1930களில் இயல்பாக எழும் அடித்தாவரங்களின் பயனையும் கட்டுப்பாட்டையும் பற்றித் தோட்டக்காரர்களுக்கு ஒரு கையேடே எழுதினார். முப்பதாண்டுகள் நாள்தோறும் செய்யப்பட்ட வேலையின் ஒரு பெரும்பகுதி தேவையற்றதாக இருந்தது என்பது அதன் உட்பொருள். வேலையைச் செய்தவர்களிடம் இதை யாரும் சொல்லியதாகத் தெரியவில்லை. அவர்களில் பலர் அப்போது நாகப்பட்டினத்தில் இறங்கி ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

பிற்பாடு அந்த நிலையம் நான்கு வகைத் தரைமூடிகளை ஒப்பிட்டது: ஊன்றிய பயற்றினக் கொடிகள், புல், மிக்கானியா கொடி, தானாக முளைத்த செடிகள். பயற்றினமே வென்றது. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துகின்றன. ரப்பரின் நிழல் கூடும்போது இந்தக் கொடிகள் தாமே வாடி மட்குகின்றன. அவை ஐந்தாண்டுகளில் மண்ணுக்குத் திருப்பும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 200 கிலோவுக்கும் மேல். கொடி செத்தபின் மரம் பருக்கிறது. பாறை பாஸ்பேட்டைக் கன்றுக்கு இடுவதோடு கொடிக்கும் இடச் சொன்னதன் காரணமும் இதுவே: கொடி அதை உண்டு, கரிமப் பொருளாக்கி, பிறகு மரத்துக்குக் கைமாற்றும். புல்லும் மிக்கானியாவும் இதற்கு நேர்மாறு. புல்லின் தண்டிலும் வேரிலும் நைட்ரஜன் குறைவு. அது மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனையே கடன் வாங்குகின்றன, கன்று பசியில் மஞ்சளாகிறது. மிக்கானியா கன்றின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைக் கசிப்பதாக அங்கே கண்டார்கள். ‘களை நல்லது’ என்று பொதுவாக முழங்குவோர் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்.

களை கன்றோடு போட்டியிடுகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. வறண்ட காலத்தில் அந்தப் போட்டி முதலில் நீருக்கானது. தென் ஆஸ்திரேலியாவின் மவுன்ட் கேம்பியர் பகுதியில் இளம் பைன் மரங்களில் இதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சதானந்தன் நம்பியார். 1995இல் பன்னாட்டு வனவியல் ஆய்வு மையத்தின் பெயரால் வெப்பமண்டலத் தோட்டங்களுக்கான ஆய்வு வலையமைப்பு ஒன்று உருவானபோது அதன் அறிவியல் முகமாக விளங்கியவரும் அவரே. அந்த வலையமைப்பில் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்தது, கே. வி. சங்கரன் தலைமையில் யூக்கலிப்டஸ் தோட்டங்களில் சோதனைப் பாத்திகள் அமைந்தன. தாழ்நிலத்தில் புன்னலையும் காயம்பூவமும், மலைமேல் சூரியநெல்லியும் வட்டவடையும். வட்டவடை இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் தமிழ் பேசும் வேளாண்குடிகளின் ஊர். அங்கே வெட்டுக்கழிவை எரிப்பது, அகற்றுவது, அப்படியே விடுவது ஆகியவை ஒருபுறம் சோதிக்கப்பட்டன. களையை முழுதாக எடுப்பது, வரிசையில் மட்டும் எடுப்பது, எடுக்காமல் விடுவது, பயற்றினத்தை ஊடுபயிராக்குவது ஆகியவை மறுபுறம். தொடக்க ஆண்டுகளில் களையை அடக்கியது மரங்களுக்கு உதவியது. ஆகவே வெறுந்தரைக் கொள்கையினர் முற்றிலும் மூடர்கள் அல்லர். கன்றைச் சுற்றி முதல் இரண்டாண்டுகள் களை அடங்க வேண்டும். அடக்கப்பட்ட களை அந்த இடத்தைவிட்டுப் போகக் கூடாது. இதே வலையமைப்பில் காங்கோவின் மணற்பாங்கான நிலத்தில் கழிவு முழுவதையும் அகற்றிய பாத்திகளில் மர வளர்ச்சி பெரிதும் சரிந்தது, இரண்டாவது நிபந்தனைக்குச் சான்று.

இதற்கிடையில் தேக்கின் கதையும் ஒன்று உண்டு. சுருக்கமாகச் சொன்னால் போதும். 1840களில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் தொடங்கிய தேக்குத் தோட்டங்களுக்குப் பின், களையெடுப்புச் செலவைக் குறைக்க அரசு கண்ட வழி ‘தவுங்யா’: பர்மிய மொழியில் தவுங் என்றால் மலை, யா என்றால் விளைநிலம். தேக்குக் கன்றுகளிடையே உழவர் பயிரிட்டுக்கொள்ளலாம். கைம்மாறாகக் களை எடுக்க வேண்டும். நெல்லோடு இருந்தவரை தொல்லை குறைவு. மரவள்ளி நுழைந்ததும், கிழங்கு அகழ்வதே ஒரு பெருங்களையெடுப்பாக மாறி, சரிவுகளில் மண் கழன்றது. பீச்சி நிறுவனத்தின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று இந்த மண்ணரிப்பைப் பற்றியதுதான்.

ஆரியசாலையிலிருந்து தென்கிழக்கே போகும் பெருவழி நாகர்கோவிலுக்குச் செல்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வேளிமலை குமாரசுவாமி இந்த வழியாக எழுந்தருளி வந்து ஆரியசாலைக் கோயிலில் தங்குகிறார். அந்த வழியின் இருமருங்கும் உள்ள மலையடிவாரங்கள், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மண்ணின் ஆட்சி மரபில் இருந்தவை. இன்று அங்கே குலசேகரம் தொடங்கிப் பேச்சிப்பாறை வரை ரப்பர். பெரியாற்றங்கரையின் தட்டேக்காட்டில் 1902இல் தொடங்கிய வணிகத் தோட்டத்திலிருந்து கிளைத்த பயிர் இது. இங்கே பியூரேரியாவுக்கு மலையாளிகள் இட்ட பெயர் ‘தோட்டப்பயறு’. அயல்நாட்டுக் கொடியொன்றுக்கு உணவுப்பயற்றின் பெயர் கிடைத்தது சிறிய செய்தி அன்று. அதே காலத்தில் பரவிய வேறிரு அயல்செடிகளுக்குக் கிடைத்த பெயர்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். குரோமோலீனா ‘கம்யூனிஸ்ட் பச்ச’ ஆனது. மிக்கானியா ‘திருதராஷ்டிரப் பச்ச’ ஆனது, பீமனெனக் கருதித் தழுவி இரும்புப் பதுமையை நொறுக்கிய கையின் நினைவாக. கோட்டயத்தில் 1955இல் தோன்றிய இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் எந்தக் கொடி வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கும் முன்பே மக்கள் வழக்கு பிரித்துவிட்டது. ஒரு வியப்பு: கம்யூனிஸ்ட் பச்சயின் இலை பொட்டாசியம் மிக்கது, விரைவில் மட்கக்கூடியது, பலர் அதை வெட்டித் தழையுரமாக இடுகிறார்கள். பெயரில் இருந்த அச்சம் வயலில் அவ்வளவாக இல்லை.

கையால் எடுப்பதற்கு ஆள் குறைந்தபோது மருந்து வந்தது. மலாயாத் தோட்டங்களில் போருக்கு முன்னும் பின்னும் சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம், தெளிக்கப்பட்டது, பிறகு பாராகுவாட். தெளித்த கைகளில் பல தமிழ்ப் பெண்களுடையவை. கேரளம் 2011இல் பாராகுவாட்டைத் தடைசெய்தது. மலேசியாவில் தடை 2020இல்தான் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2015இல் கிளைபோசேட்டைத் தடுத்தபோது தேயிலைத் தோட்டத்தார் எழுப்பிய முதல் கேள்வி, களையை யார் எடுப்பது என்பது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. மருந்து மண்ணைப் புரட்டுவதில்லை, செத்த தழையை அங்கேயே விடுகிறது. சத்துக் கணக்கில் மட்டும் பார்த்தால் அது சுரண்டியை விட மேல். அந்தக் கணக்கில் தெளிப்பவரின் நகமும் நுரையீரலும் சேர்வதில்லை.

அண்மையில் கேரள ரப்பரில் ஓங்கியது மியூகுனா பிராக்டியேட்டா. திரிபுராவிலிருந்து கேரளத்துக்கு வந்த இந்தப் பயற்றினக் கொடி 1991இல் மலேசியாவுக்கும் போயிற்று. நூறாண்டுகளாக அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்த தோட்ட அறிவு ஒருமுறை திசைமாறிச் சென்றது. நிழலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், கால்நடை விரும்பாது, பெரும் சருகுப் படுகையைத் தரும். ஆனால் கன்றின்மேல் ஏறிவிடும். வாரந்தோறும் யாராவது ஒருவர் நுனிகளைப் பிரித்துத் திருப்பிவிட வேண்டும். தோட்ட எல்லையைத் தாண்டி, காட்டோரத்தில் நிற்கும் மரங்களையும் அது போர்த்தத் தொடங்கியிருக்கிறது. இப்போது அங்கே அரிவாளோடு அனுப்பப்படுகிறவர்கள் வெட்டுவது, களையை அடக்கவென்று நடப்பட்ட அந்தக் கொடியைத்தான்.